தகரக் கூரையின் கீழ் தகிக்கும் பட்டறைகள்

ஏசி வாங்கும் முன் கூரையைக் கவனியுங்கள்!

மே மாதம். பிற்பகல் இரண்டு மணி. கோவை கணபதியில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். துணி துவைக்கும் கல்லுக்கும் முருங்கை மரத்துக்கும் நடுவே, பத்துக்கு இருபது அடியில் ஒரு தகர ஷெட். உள்ளே ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூலையில் பெஞ்ச் கிரைண்டர். லேத்தில் பம்ப் ஷாஃப்ட் ஒன்று சுழல்கிறது. அதன் மேல் பால்நிறக் கூலன்ட் வழிகிறது. மைக்ரோமீட்டரைத் தொடும் முன் பட்டறைக்காரர் பனியன் வேஸ்டில் கையை இரண்டு முறை அழுத்தித் துடைக்கிறார். ஃபினிஷிங் முடிந்த உலோகத்தில் வியர்வைக் கை பட்டால் மறுநாள் காலை அந்த இடத்தில் துருப்புள்ளி விழும். தலைக்கு மேல் ஒன்பதடி உயரத்தில், காய்ந்த ஷீட் விரிந்து 'டிக்... டிக்...' என்று சத்தம் போடுகிறது. ஃபேன் முழு வேகத்தில் சுற்றுகிறது. அது கீழே தள்ளுவது அனலை.

இதே நேரத்தில் ஆம்பூரில் ஷூவின் மேல்தோலை வீட்டிலிருந்தே தைக்கும் பெண்கள், சோமனூரில் விசைத்தறி ஓட்டுபவர்கள், மதுரையில் கிரில் கேட் வெல்டிங் செய்பவர்கள், மொட்டைமாடி ஷெட்டில் ஆரி வேலைப்பாடு செய்பவர்கள் என்று தமிழகம் முழுக்க ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஷீட் கூரைக்குக் கீழேதான் பிழைப்பை நடத்துகின்றன. வாடகை மிச்சம், போக்குவரத்து மிச்சம், பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ளலாம். வீட்டோடு பட்டறை வைத்திருப்பதில் இத்தனை வசதிகள். பங்குனி பிறந்துவிட்டால், அந்த வசதிகளுக்கெல்லாம் சேர்த்து வெயில் வட்டி வசூலிக்கத் தொடங்கிவிடுகிறது.

2024 ஏப்ரல் இறுதியில் ஈரோடு, கரூர் பரமத்தி, வேலூர் பகுதிகளில் வெப்பம் 42 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அந்த ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது. 'நிழலில் இருங்கள், மதியம் வெளியே போகாதீர்கள்' என்று ஒவ்வொரு கோடையிலும் அறிவுரை வருகிறது. தகர ஷெட்டுக்குள் இருப்பவர் நிழலில்தான் இருக்கிறார். ஆனால் அந்த நிழலைத் தரும் கூரையே அவரைச் சுடுகிறது.

கீற்று போய் தகரம் வந்தது

இந்த ஷெட்டுகள் இருந்த இடத்தில் ஒரு தலைமுறைக்கு முன் கீற்றுக் கொட்டகைகள் இருந்தன. தென்னங்கீற்றும் பனையோலையும் அடுக்கடுக்காக வேயப்படும்போது ஓலைகளுக்கு இடையே காற்று சிக்கிக்கொள்ளும். அந்தக் காற்றுதான் வெப்பத்தைத் தடுத்தது. ஆனால் கீற்றை இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். வேய்வதற்கு ஆள் கிடைக்கவேண்டும். எலியும் கரையானும் ஏறும். எல்லாவற்றையும்விடப் பெரியது தீ பயம். 2004 ஜூலை 16-ல் கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்தபிறகு, பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. கிரைண்டர் பொறியும் வெல்டிங் பொறியும் பறக்கும் பட்டறைக்குக் கீற்று எப்போதுமே ஆபத்தான துணைதான்.

அந்த இடத்தைத் துத்தநாகம் பூசிய தகரமும், ஆஸ்பெஸ்டாஸும், கலர் ஷீட்டும் பிடித்துக்கொண்டன. மழைக்கு நல்லது, தீப்பிடிக்காது, ஒரே நாளில் மாட்டிவிடலாம். ஆனால் அரை மில்லிமீட்டர் தகரம் வெப்பத்தைத் தடுப்பதே இல்லை. மேல்பக்கம் எவ்வளவு சூடோ, கீழ்ப்பக்கமும் ஏறக்குறைய அவ்வளவு சூடு.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் சூரிய ஆற்றல் விழுகிறது. பத்துக்கு இருபது அடி ஷெட்டின் கூரை 18 சதுர மீட்டருக்கும் அதிகம். அப்படியானால் அந்தச் சின்னக் கூரையின் மேல் விழுவது சுமார் 18 கிலோவாட். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டிகள் பதினெட்டைச் சூடாக்கிக் கூரைமேல் கவிழ்த்து வைத்ததற்குச் சமம். பழைய, மங்கிய ஷீட் இதில் பெரும்பகுதியை உறிஞ்சி 60 டிகிரிக்கு மேல் காய்கிறது. அந்தச் சூட்டை அப்படியே கீழே நிற்பவரின் தலையிலும் தோளிலும் கதிர்வீச்சாக இறக்குகிறது. வெப்பமானி 39 காட்டும்போதும் உடம்புக்கு அதைவிட மோசமாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

சுவரைவிடக் கூரைக்கு ஏன் முதலிடம் என்பதற்கு விடை வானத்தில் இருக்கிறது. தமிழகத்தில் கோடை நண்பகலில் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. பள்ளிப் பிள்ளைகள் குச்சி நட்டுப் பார்க்கும் 'நிழலில்லா நாள்' கோவைக்கு ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கிலும் வருகிறது. கத்திரி வெயில் காலத்தில் உச்சிச் சூரியன் இந்த ஊர்களுக்குச் சற்று வடக்கே சாய்ந்திருக்கும். எனவே நண்பகலில் தெற்குச் சுவரில் வெயிலே படாது. காலையில் கிழக்குச் சுவர், மாலையில் மேற்குச் சுவர் அடி வாங்கும். நாள் முழுக்க அடி வாங்குவது கூரை மட்டும்தான்.

[பெட்டிச் செய்தி]
கூரைக் கணக்கு
10 x 20 அடி ஷெட். வெளியே 38 டிகிரி, உள்ளே ஏசி போட்டு 28 டிகிரி. உச்சி வெயிலில் கூரை வழியாக மட்டும் உள்ளே இறங்கும் வெப்பம், தோராயமாக:
● மங்கிய வெறும் ஷீட்: 4 கிலோவாட்
● மேலே நல்ல வெள்ளைப் பூச்சு: 2 கிலோவாட்
● பூச்சு இல்லாமல், கீழே 2 அங்குல இன்சுலேஷன்: அரை கிலோவாட்
● வெள்ளைப் பூச்சு, இன்சுலேஷன் இரண்டும்: கால் கிலோவாட்
ஒரு டன் ஏசியின் முழுக் குளிர்விப்புத் திறனே 3.5 கிலோவாட்தான். வெறும் ஷீட்டுக்குக் கீழே அந்த ஏசி கூரையோடு போராடியே தோற்றுவிடும். மனிதரையும் மோட்டாரையும் குளிர்விக்க அதனிடம் எதுவும் மிஞ்சாது.

வியர்வையில் கரையும் வருமானம்

'வெயில்னா அப்படித்தான் இருக்கும், நாலு நாள் பொறுத்துக்கணும்' என்பது பட்டறைகளில் வழக்கமான பேச்சு. பொறுத்துக்கொள்வதற்கு ஆகும் செலவை யாரும் கணக்கு எழுதுவதில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல் வெளியிட்ட அறிக்கை அந்தக் கணக்கை எழுதிக் காட்டியது. நடுத்தர உழைப்பு தேவைப்படும் வேலையில், வெப்பம் 33-34 டிகிரியை எட்டும்போது தொழிலாளியின் திறன் பாதியாகக் குறைகிறது என்கிறது அது. 2030-ல் இந்தியா வெப்பத்தால் மட்டும் தன் மொத்த வேலை நேரத்தில் 5.8 சதவிகிதத்தை இழக்கும், அது 3.4 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்றும் அந்த அறிக்கை மதிப்பிட்டது. இந்தியத் தொழிற்சாலைகளை ஆராய்ந்து 2021-ல் வெளியான இன்னோர் ஆய்வு, ஆண்டு வெப்பநிலை ஒரு டிகிரி கூடினால் உற்பத்தி மதிப்பு சுமார் 2 சதவிகிதம் குறைகிறது என்று கண்டது.

பெரிய ஆலைக்கு அது ஒரு சதவிகிதக் கணக்கு. வீட்டுப் பட்டறைக்கு அது நேரடியாக அடுப்பில் தெரியும் இழப்பு. ஜாப் ஆர்டர் பட்டறைக்குச் சம்பளம் கிடையாது, பீஸ் ரேட்தான். பன்னிரண்டு மணிக்கு நிறுத்தி நாலு மணிக்குத் தொடங்கினால், இரவு பத்து மணிவரை மெஷின் ஓடவேண்டும். இரவில் கிரைண்டர் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்.

வேலையின் தரத்துக்கும் அடி விழுகிறது. அளவுகளுக்கு உலகம் முழுவதும் வைத்திருக்கும் பொது வெப்பநிலை 20 டிகிரி. 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுத் துண்டு, 42 டிகிரி ஷெட்டில் சுமார் 26 மைக்ரான் பருத்திருக்கும். அலுமினியமாக இருந்தால் 50 மைக்ரான். அந்த விட்டத்துக்கு எச்-7 வகைத் துளைக்கு அனுமதிக்கப்படும் மொத்த வித்தியாசமே 35 மைக்ரான்தான். எஃகுத் துண்டும் எஃகு மைக்ரோமீட்டரும் ஒரே சூட்டில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே விரியும். பிழை பெரிதாகத் தெரியாது. அலுமினியத் துண்டையோ, கடைந்து முடித்த சூட்டோடு எஃகுத் துண்டையோ அளந்து அனுப்பினால், வாங்கும் கம்பெனியின் ஏசி போட்ட இன்ஸ்பெக்‌ஷன் அறையில் அது 'அண்டர்சைஸ்' என்று திரும்பி வரும்.

மெஷினுக்கும் தாங்கும் எல்லை உண்டு. சாதாரணமாகக் கிடைக்கும் மோட்டார்களும் டிரைவ்களும் சுற்றுப்புற வெப்பம் 40 டிகிரி வரை என்று கணக்கிட்டே தயாரிக்கப்படுகின்றன. அதற்குமேல் போனால் டிரைவ் 'ட்ரிப்' ஆகும். மோட்டார் காயில் சீக்கிரம் கருகும். ஷெட் மூலையில் வைக்கும் இன்வர்ட்டர் பேட்டரியின் நிலையும் அதுதான். லெட்-ஆசிட் பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகிறது.

வெல்டருக்கு இன்னொரு சங்கடம். டிக், மிக் வெல்டிங்கில் ஆர்கானோ கார்பன் டை ஆக்ஸைடோ உருகும் உலோகத்தை மூடிக் காக்கவேண்டும். ஃபேன் காற்று அடித்தால் வாயு கலைந்து, வெல்டு முழுக்கச் சல்லடை ஓட்டைகள் விழும். அதனால் மற்ற எல்லோரும் ஃபேனுக்கு அடியில் இடம் தேடும் நேரத்தில், தோல் கையுறையும் முகக்கவசமும் போட்ட வெல்டர் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருகிறார்.

உடம்பின் கணக்கு இதைவிடக் கசப்பானது. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தில் 800 கர்ப்பிணிப் பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, குழந்தை இறந்து பிறத்தல் போன்றவற்றின் அபாயம் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது தெரியவந்தது. அந்தப் பெண்கள் வயலிலும் செங்கல் சூளையிலும் உப்பளத்திலும் உழைத்தவர்கள். தையலும் ஷூ வேலையும் செய்யும் வீட்டு ஷெட்டுகளில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களிலும் பெண்களே அதிகம் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும்.

முதல் வேலை: வெயிலை வெளியிலேயே நிறுத்து

வெப்பம் ஷீட்டுக்குள் வந்தபிறகு துரத்துவதைவிட, ஷீட்டைத் தொடாமல் தடுப்பதே மலிவு. அதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, வெள்ளை. நல்ல வெள்ளைப் பூச்சு வெயிலில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பி அனுப்பும். சுண்ணாம்பைக் கரைத்து வடிகட்டி, ஒட்டுவதற்குக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடிப்பது எளிய வழி. பத்துக்கு இருபது ஷெட்டுக்குச் சாமான் செலவு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். ஒரு நல்ல மழையோடு அது கரைந்துவிடும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்கவேண்டும். 'கூல் ரூஃப்' பெயின்ட் விலை கூடுதல், ஆனால் சில ஆண்டுகள் தாங்கும். எதை அடித்தாலும் முதலில் துருவைச் சுரண்டி பிரைமர் கொடுக்காவிட்டால் பூச்சு செதிலாக உரிந்துவிடும். அடித்தபிறகும் தூசி படிந்தால் வெண்மை போகும். வருடத்துக்கு ஒருமுறையாவது கழுவிவிடவேண்டும். அகமதாபாத்தில் நடந்த வெள்ளைக் கூரைத் திட்டங்களில் வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை வெப்பம் குறைந்ததாகப் பதிவாகியிருக்கிறது.

புது ஜிங்க் ஷீட் பளபளவென்று இருக்கிறதே, அதுவே வெயிலைத் திருப்பிவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. திருப்பும்தான். ஆனால் பளபளக்கும் உலோகம் தான் உறிஞ்சிய மீதிச் சூட்டை வானத்துக்குக் கதிராக வெளியிடுவதில் மகா கஞ்சன். அதனால் அதுவும் காய்கிறது. வெள்ளைப் பூச்சு வெயிலைத் திருப்புவதோடு, உறிஞ்சிய கொஞ்சச் சூட்டையும் தாராளமாக வெளியே விடும்.

இரண்டு, கூரைக்கு மேல் கூரை. ஷீட்டிலிருந்து ஒரு அடியாவது உயரத்தில் குழாய்ச் சட்டம் கட்டி, நர்சரிகளில் போடும் ஷேட் நெட்டை இழுத்துக் கட்டினால் போதும். வலை வெயிலை வாங்கிக்கொள்ளும். இடையில் ஓடும் காற்று அந்தச் சூட்டை அள்ளிப்போகும். வலையை ஷீட்டின் மேலேயே படுக்கவைத்தால் பாதிப் பலன் போய்விடும். தண்ணீர் வசதி இருப்பவர்கள் தை, மாசியிலேயே சுரையோ பீர்க்கோ ஊன்றிப் பந்தலில் ஏற்றிவிட்டால், கத்திரிக்குள் கொடி மூடிவிடும், காயும் கிடைக்கும்.

மூன்று, தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. மணிக்கு 20 லிட்டர் ஆவியானால், கூரைமேல் விழும் வெயிலில் பெரும்பங்கு காலி. அதனால்தான் கூரைமேல் விரித்து நனைத்த சாக்கு அவ்வளவு நன்றாக வேலை செய்கிறது. ஆனால் கோடையில் போர்வெல் வற்றும் ஊரில் இது கட்டுப்படியாகாது. உப்புத் தண்ணீராக இருந்தால் ஈரச் சாக்குக்கு அடியில் ஷீட் இரண்டே வருடத்தில் ஓட்டை விழும்.

இரண்டாவது: தடுப்பு, அதைவிட முக்கியமாகத் தீ

இன்சுலேஷன் என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது தெர்மாகோல். விலை குறைவு, எடை குறைவு, கத்தியால் வெட்டலாம். வெப்பத்தைத் தடுப்பதிலும் குறையில்லை. ஆனால் பட்டறைக்கு அது எமன். ஒரு வெல்டிங் பொறி போதும்; தெர்மாகோல் உருகி எரிந்து, நெருப்புத் துளிகளாகக் கீழே சொட்டும்; கரும்புகை நிமிடத்தில் ஷெட்டை நிரப்பிவிடும். பஃப் எனப்படும் பாலியூரித்தேன் நுரை இன்னும் சிறந்த தடுப்பு. அது எரிந்தால் வரும் புகையில் ஹைட்ரஜன் சயனைடு கலந்திருக்கும். தையல், பேக்கிங் போன்ற பொறியில்லா வேலைக்கு, இருபுறமும் உலோகத் தகடு மூடிய பஃப் பேனல் ஏற்கத்தக்கது. பொறி பறக்கும் இடத்துக்கு எரியாத ராக் வுல் அல்லது கிளாஸ் வுல்தான் சரி. அவற்றை மாட்டும்போது முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் அவசியம். மாட்டியபின் கீழே ஜிப்சம் போர்டோ தகடோ போட்டு மூடிவிடவேண்டும்.

கடைகளில் சுருளாகக் கிடைக்கும் வெள்ளி நிற ஏர் பபுள் ஷீட்டையும் நிறையப் பேர் வாங்குகிறார்கள். அதன் பலமே பளபளப்பான முகம்தான். ஷீட்டோடு ஒட்டிவிட்டால் அந்த முகத்துக்கு வேலையே இல்லை. ஓர் அங்குலமாவது காற்று இடைவெளி விட்டு, பளபளப்பு அந்த இடைவெளியைப் பார்க்கும்படி கட்டவேண்டும். இதிலும் பிளாஸ்டிக் உண்டு என்பதால் வெல்டிங் மேஜைக்கு மேலே கட்டக்கூடாது.

ஈரத்தையும் மறக்கக்கூடாது. ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் தகரம் சீக்கிரம் குளிர்ந்து, அடிப்பக்கத்தில் பனித்துளி கோக்கும். இன்சுலேஷனுக்குள் அந்த ஈரம் இறங்கினால் ராக் வுல் ஊறிப் பயனற்றுப் போகும், ஷீட்டும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அறைப்பக்கம் பார்த்தவாறு பாலிதீன் அல்லது ஃபாயில் தாளை இடைவெளியில்லாமல் ஒட்டினால் ஈரக்காற்று மேலே ஏறாது.

[பெட்டிச் செய்தி]
ஆஸ்பெஸ்டாஸா? கை வைக்கும் முன்...
● ஆஸ்பெஸ்டாஸின் எல்லா வகைகளும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. இந்தியாவில் ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் ஷீட் இன்னும் விற்பனையில் இருக்கிறது.
● உடையாத ஷீட்டை அப்படியே விட்டு மேலே வெள்ளையடிக்கலாம். உப்புத்தாள் போடுவது, கம்பி பிரஷ்ஷால் தேய்ப்பது, உலர்ந்த நிலையில் துளையிடுவது கூடாது. தூசிதான் எதிரி.
● மேலே ஏறி நேரடியாக மிதிக்காதீர்கள். பழைய ஷீட் சட்டென உடைந்து ஆள் உள்ளே விழுவார். பலகை போட்டு, பர்லின் இருக்கும் வரிசையில் மட்டும் நடக்கவேண்டும்.
● உடைந்த துண்டுகளை நனைத்து, கெட்டியான பையில் கட்டி வையுங்கள். செங்கல்லுக்குப் பதிலாகவோ அடுப்புத் தடுப்பாகவோ பயன்படுத்தாதீர்கள்.

மூன்றாவது: உள்ளே பிறக்கும் சூட்டை வெளியேற்று

கூரையை அடைத்தால் மட்டும் போதாது. இரண்டு குதிரைத்திறன் மோட்டார் முழுச்சுமையில் ஓடினால் ஒன்றரை கிலோவாட். அது கடைசியில் அத்தனையும் ஷெட்டுக்குள் சூடாகத்தான் முடிகிறது. கம்ப்ரஸர், சால்டரிங் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி எல்லாம் அதே கதை. விளக்கைக்கூட விடவேண்டாம். பெங்களூரு வட்டார ஆயத்த ஆடை ஆலைகளில் பழைய விளக்குகளை எல்இடியாக மாற்றியபோது, மின்சாரம் மிச்சமானது ஒருபுறம். வெயில் நாட்களில் உற்பத்தி சரிவதும் பெருமளவு நின்றது என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

சூடான காற்று மேலே ஏறும். அதற்கு உச்சியில் வழியும், புதுக் காற்றுக்குத் தரையருகே வழியும் வேண்டும். பெரும்பாலான ஷெட்டுகளில் ஜன்னல் நடுவில் இருக்கும், உச்சி மூடியிருக்கும்; சூடான காற்று அங்கேயே தேங்கும். முகட்டில் திறப்போ, காற்றில் தானே சுற்றும் டர்போ வென்டிலேட்டரோ வைத்தால் அந்தத் தேங்கல் கலையும். மின்விசிறி வைப்பதானால் இதோ ஒரு கணக்கு: மூன்று கிலோவாட் சூட்டை, வெளிக்காற்றைவிட ஐந்து டிகிரிக்கு மேல் ஏறவிடாமல் வெளியேற்ற, மணிக்கு 1,800 கன மீட்டர் காற்று நகரவேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனால் அது முடியாது. 18 அங்குல ஹெவி டியூட்டி ஃபேன் தாராளமாகச் செய்யும். காற்று நுழையும் வழி எதிர்ச்சுவரில், தாழ்வாக, நிழல் இருக்கும் பக்கம் அமையவேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் ஃபேன் அதே காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும்.

கூலரா, ஏசியா?

ஏர் கூலர் வாங்குவதா என்பதை ஊர்தான் முடிவுசெய்யவேண்டும். ஈரோட்டில் 40 டிகிரி, 25 சதவிகித ஈரப்பதம் உள்ள மதியத்தில் நல்ல கூலர் 28 டிகிரி காற்றைத் தரும். சென்னையிலோ தூத்துக்குடியிலோ 34 டிகிரி, 75 சதவிகித ஈரப்பதம் உள்ள வேளையில் அதே கூலர் தருவது 31 டிகிரி காற்று, கூடவே பிசுபிசுப்பு. கூலர் ஓடும்போது எதிர் ஜன்னல் திறந்திருக்கவேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மூடிய அறையில் அது ஈரத்தை மட்டுமே சேர்க்கும்.

தொழிலும் முடிவுசெய்யும். விசைத்தறிக்கு ஈரம் நண்பன். காற்று காய்ந்தால் பருத்தி நூல் அறுந்துகொண்டே இருக்கும். அங்கே கூலர் இரட்டை லாபம். லேத்துக்கும் அளவுக் கேஜ்களுக்கும் ஈரம் துரு. மரவேலைக்கு ஈரம் ஏறி இறங்கினால் பலகை முறுக்கும்.

ஏசி கடைசியில் வரவேண்டியது. கூரை வேலை முடிந்த ஷெட்டுக்கு ஒன்றரை டன் ஏசி பெரும்பாலும் போதும். சில வேலைகளுக்கு ஒரு டன்னே போதலாம். ஒன்றரை டன் ஏசி முழுவேகத்தில் மணிக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் எடுக்கும். எட்டு மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 300 யூனிட். கூரை சரியாக இருந்தால் இன்வர்ட்டர் ஏசி பாதி வேகத்தில் ஓய்வெடுத்து ஓடும். வெறும் ஷீட்டுக்குக் கீழே அதற்கு ஓய்வே கிடையாது. இன்னொன்று: தின்னர், பாலிஷ், வெல்டிங் புகை உள்ள இடத்தை ஏசிக்காக மூடினால் நுரையீரலுக்கு ஆபத்து. கிரைண்டிங் தூசியும் மரத்தூளும் காயிலை அடைத்து ஏசியையும் கொன்றுவிடும். அத்தகைய பட்டறைகளில் அளவெடுக்கும் மேஜை, அசெம்பிளி மேஜை இரண்டையும் சின்னத் தடுப்பறையில் வைத்து, அதற்கு மட்டும் ஏசி போடுவதே புத்திசாலித்தனம்.

ஃபேனுக்கும் ஓர் எல்லை உண்டு. காற்று உடம்புச் சூட்டைவிடச் சூடாகிவிட்டால் ஃபேன் உடம்பைக் குளிர்விப்பதற்குப் பதில் சூடேற்றும். 40 டிகிரிக்கு மேல் ஃபேனை நம்பவேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

[பெட்டிச் செய்தி]
வாடகை ஷெட்டா? கழற்றி எடுத்துப் போகக்கூடியவை
● குழாய்ச் சட்டத்தில் கட்டிய ஷேட் நெட்
● மேற்குப் பக்கம் தொங்கவிடும் தட்டி அல்லது மூங்கில் திரை
● போல்ட்டில் மாட்டிய எக்ஸாஸ்ட் ஃபேன்
● எல்இடி விளக்குகள்
● கண்ணாடி போன்ற பாலிகார்பனேட் ஷீட் வழியாக வெயில் இறங்கினால், அந்த இடத்துக்கு மட்டும் மேலே வெள்ளைத் துணி

சட்டத்தின் நிழல் விழாத இடம்

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 13-வது பிரிவு, வேலை செய்யும் இடத்தின் சுவரும் கூரையும் வெப்பத்தை முடிந்தவரை குறைவாக வைத்திருக்கும் பொருளிலும் வடிவிலும் அமையவேண்டும் என்றது. மின்சாரத்தோடு பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை இருபதாக உயர்த்திவிட்டது. அப்பாவும் மகனும் ஓர் உதவியாளரும் நிற்கும் கொல்லைப்புற ஷெட் அன்றும் கணக்கில் இல்லை, இன்றும் இல்லை.

அகமதாபாத் 2013-லேயே வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. தெலங்கானா 2023-ல் குளிர்க்கூரைக்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. வெப்ப அலையால் இறப்பவரின் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் நிவாரணம் என்று அறிவித்திருக்கும் தமிழகம், அந்த மரணம் நேராமல் தடுக்கும் ஒரு டின் வெள்ளைப் பெயின்ட்டுக்கும் வழி செய்யலாம். 12 கிலோவாட்டுக்கு உட்பட்ட குறுந்தொழில்களுக்குத் தனி மின்கட்டணப் பிரிவு இருக்கிறது. அந்தப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு இணைப்பும் ஒரு பட்டறையின் முகவரி. கூரைப் பூச்சுக்கு மானியம் தர வேறு கணக்கெடுப்பு தேவையில்லை.

வாடகை ஷெட்டுகளில் சிக்கல் இன்னும் இறுகும். 'கூரை உங்களுடையது' என்று குடியிருப்பவர் சொல்வார். 'வெயில் உங்களுக்குத்தானே' என்று உரிமையாளர் சொல்வார். கோவை, திருப்பூர், ஈரோடு குறுந்தொழில் சங்கங்கள் மாதிரி வாடகை ஒப்பந்தத்தில் கூரைப் பூச்சை உரிமையாளர் பொறுப்பாகச் சேர்த்தால், ஒரே சீசனில் நிறைய ஷெட்டுகள் வெளுக்கும்.

அரசும் சங்கமும் அசையும்வரை பட்டறைக்காரர்கள் காத்திருக்கவேண்டியதில்லை. காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் வரிசை இதுதான்: முதலில் வெள்ளை, அடுத்து முகட்டில் திறப்பும் எக்ஸாஸ்டும், மூன்றாவதாக நிழல் வலை, நான்காவதாக எரியாத இன்சுலேஷன், கடைசியாகக் கூலரோ ஏசியோ. முதல் இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். மாசிக்குள் ஷீட்டைக் கழுவித் துருவை எடுத்துவிடுங்கள். சூரியன் உச்சிக்கு வரும் சித்திரைக்கு முன்னால் இரண்டு கோட் அடித்து முடித்துவிடுங்கள்.